மருந்துப் பம்பும் நான் எழுதிய ஒரு வரியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நான் கெமிஸ்டாக இருந்தேன். பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த பிறகு கிடைத்த வேலை. கூழில் புளிப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, டின் கழுவுகிற தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். லேப் என்று பேர் வைத்த அந்த அறையில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு நாற்காலி. ஃபேக்டரியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த ஒரே பெண் நான்தான். அந்தப் பெருமையில் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

முதலாளியின் வீடு திருப்பதிக்கு வெளியே, சித்தூர் ரோட்டின் மேலேயே இருந்தது. மாந்தோப்புக்கு நடுவே பங்களா, பின்பக்கம் நீச்சல் குளம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் வேறு யார் வீட்டிலும் நீச்சல் குளம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு காலனிக்காரர், ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லாத குடும்பம். காலையில் வலை போட்டு இலை எடுப்பார். ஓரம் தேய்ப்பார். பிறகு பிளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்து, தெளியவைத்து, அந்தத் தண்ணீரைக் குளத்தைச் சுற்றி ஊற்றுவார். நாலு வருடம் அப்படித்தான் நடந்தது. யாருக்கும் கண் எரிந்ததில்லை.

அந்த வருடம் முதலாளியின் மருமகன் வளைகுடாவிலிருந்து நீண்ட லீவில் வந்தார். என்ஜினியர். வரும்போதே ஒரு மிஷின் கொண்டுவந்தார். டிபன் கேரியர் அளவு இருக்கும், நீல நிறம், முகத்தில் ஒரு திருகு. டிரம்மில் இருக்கிற குளோரின் மருந்தை மெல்லிய ட்யூப் வழியாக உறிஞ்சி, குளத்துக்குத் தண்ணீர் திரும்பிப் போகிற குழாய்க்குள் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைத் திருகில் வைத்துவிட்டால் போதும், அதுவே பார்த்துக்கொள்ளும். மருந்துப் பம்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அது எதற்காக வந்தது என்று முதலாளியின் மனைவியே பிறகு எனக்குச் சொன்னார். வீட்டில் தெலுங்குதான். அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அவன் கைய விட்டுக் கலக்குற தண்ணியிலதானேம்மா கொழந்தைங்க குளிக்குது. எங்களுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் மாப்பிள்ளை மிஷின் கொண்டாந்தாரு." காய்கறியைக் கழுவிச் சமைக்க வேண்டும் என்று சொல்வதைப் போல, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் சொன்னார். அந்த ஆள் குளத்துக்குள் இறங்கித் தரையைத் தேய்த்தால் அன்றைக்கே தண்ணீர் முழுவதையும் தோப்புக்குத் திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்புவார்களாம்.

மிஷின் பொருத்தி ஒரு மாதத்தில் முதலாளியின் பேத்திக்குக் கண் சிவந்து வீங்கியது. ஆறு வயதுப் பெண். குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து சித்தூருக்கு அனுப்பினார்கள். வெயிலில், காரில், இரண்டு மணி நேரம் வந்த தண்ணீர். குளோரின் அதில் மிச்சம் இருந்தால்தான் ஆச்சரியம். பார்த்தேன், கொஞ்சம்தான் இருந்தது. முதலாளி ஃபோனில் கேட்டார், சொன்னேன். "நீயே வந்து பாரு" என்று கார் அனுப்பினார்.

போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரீட்சை எழுதுவதைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிரம்மில் மருந்தின் பலம் சரி. ட்யூப்பில் காற்றுக் குமிழி இல்லை. ட்யூப்பைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு மருந்து வருகிறது என்று அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்தேன், திருகில் வைத்த அளவுக்குச் சரியாக வந்தது. மருந்து குழாய்க்குள் நுழைகிற வால்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. அந்தப் பக்கத்து போர்த் தண்ணீர் அப்படி. கொண்டுபோயிருந்த ஆசிட்டில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டினேன். குளத்தின் நாலு பக்கமும் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டு நிறம் பார்த்தேன். குளோரின் அதிகமாக ஆக மஞ்சள் கூடும். எல்லாவற்றிலும் இளமஞ்சள்தான். ஒரு குறையும் இல்லை.

நான் சாமானை எடுத்துப் பையில் வைக்கும்போது அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ம்மா, ஒண்ணு சொல்லணும். த்ரீ பேஸ் போயி திரும்பி வருது பாரு, அப்பதான் அந்த நாத்தம் வருது. இந்தப் படிக்கட்டு மூலையிலதான் வருது. நான் பாத்துக்கினேதான் கீறேன்."

"கரண்டுக்கும் குளோரினுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். அவரை அண்ணா என்றோ பெரியவரே என்றோ எதுவும் கூப்பிடவில்லை.

"அது எனக்கு இன்னா தெரியும்? வருதுன்னு சொல்றேன்."

"சரி, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். பார்க்கவில்லை. ஃபேக்டரிக்கு வந்து இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினேன். மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஒரு வரி. கையால் கூடுதலாக மருந்து ஊற்றப்பட்டிருக்கலாம் என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியை ஏன் எழுதினேன்? காரணம் தெரியவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கார் வந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரப் பிள்ளைகளோடு குளத்தில் விளையாடிய அதே பெண் இருமி இருமி வாந்தி எடுத்து, கண்ணைத் திறக்க முடியாமல், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்திருந்தாள். டிரைவர்தான் வழியில் மற்றதைச் சொன்னார். "அந்த ஆள உங்க ரிப்போர்ட் வந்த அன்னிக்கே நிறுத்திட்டாங்களே மேடம், தெரியாதா? அந்த ரோஷத்துல பின்பக்கத்துச் சுவரேறி வந்து மருந்தக் கொட்டிட்டான்னு சொல்றாங்க. காலங்காத்தால லாரி அனுப்பி ஊர்லேர்ந்து தூக்கியாந்துட்டாங்க."

எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. பாகாலா தாண்டுகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

பதினோரு மணி இருக்கும். மே மாத வெயில். மோட்டார் ஷெட்டுக்கு முன்னால் ஜல்லி பரப்பிய இடத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு அடி தள்ளி ஷெட்டின் நிழல். அதில் உட்கார விடவில்லை. காலில் செருப்பு இல்லை. துண்டை மடித்து மடியில் வைத்திருந்தார், தலையில் போட்டுக்கொள்ளக்கூடத் துணியவில்லை. ஃபேக்டரி லாரியில் வருகிற இரண்டு பேர் பீடி குடித்தபடி நிழலில் நின்றார்கள். என்னைப் பார்த்தார் அவர்.

முதலாளி வராந்தாவில் இருந்தார். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. "ஏமா, வா. நீ அன்னிக்கு எழுதினியே, அத இவன் முன்னாடி வாயால சொல்லு. ஒத்துக்க மாட்டேங்குறான்" என்றார் தெலுங்கில்.

"மொதல்ல மிஷினப் பாத்துடறேன் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

ஷெட்டுக்குள் போனேன். மோட்டார் நின்றிருந்தது. த்ரீ பேஸ் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கம் தோப்பு மோட்டார்களுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே லைன். நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் மோட்டாருக்குக் கரண்ட் விடுவார்கள். மற்ற நேரத்தில் லைட்டும் ஃபேனும் மட்டும் எரியும், மோட்டார் ஓடாது. போன தடவை நான் வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. இப்போது ஷெட் அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில் டக் என்று ஒரு சத்தம். நிறுத்தி, மறுபடியும் டக்.

மருந்துப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரில் பல்பு சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த சாதாரண பிளக்கில் சொருகியிருந்தது. பெரிய மோட்டார் த்ரீ பேஸில் ஓடுகிறது, இந்தச் சின்னப் பம்பு பல்பு லைனில் ஓடுகிறது. த்ரீ பேஸ் போனால் தண்ணீர் நின்றுவிடும். இது நிற்காது. நின்றுபோன குழாய்க்குள் மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கரண்ட் வந்து மோட்டார் ஓடியதும் சேர்ந்திருந்த மொத்த மருந்தும் ஒரே வீச்சில் குளத்துக்குள் கொட்டும். எந்த இடத்தில்? குழாய் வந்து சேர்கிற படிக்கட்டு மூலையில். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகிற இடத்தில். அப்புறம் கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்கக் கலந்து, யார் எடுத்துப் பார்த்தாலும் இளமஞ்சள்தான் வரும்.

அவர் சொன்னது அதைத்தான். வார்த்தைக்கு வார்த்தை. நேரத்தையும் சொன்னார், மூலையையும் சொன்னார்.

அந்த ஷெட்டில் நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. மருமகன் மேல், முதலாளி மேல், அந்த பீடிக்காரர்கள் மேல், எல்லோர் மேலும் வந்தது. ஆனால் நேராக வந்து அறைந்தது என் மேல் எனக்கு வந்த கோபம்தான்.

வராந்தாவுக்கு வந்தேன். "யாரையும் தண்ணிகிட்ட விடாதீங்க சார். த்ரீ பேஸ் வரட்டும், காட்டறேன்" என்றேன். மருமகன் உள்ளேயிருந்து வந்தார். மிஷினோடு வந்த புத்தகம் வேண்டும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துத்தான் மாட்டினேன்" என்றார் இங்கிலீஷில்.

"இருந்தா குடுங்க சார்."

கொண்டுவந்தார். வந்தபடியே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் வாய் பிரிக்கப்படவே இல்லை. நான்தான் பல்லால் கடித்துக் கிழித்தேன். நாலாவது பக்கத்தில், கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில் இருந்தது: மோட்டார் ஓடும்போது மட்டும் இதற்கு மின்சாரம் போகும்படி இணைக்க வேண்டும். வேறு எப்படியும் இணைக்கக் கூடாது.

வெயிலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "அண்ணா, எழுந்து நிழலுக்கு வாங்க" என்றேன். பீடிக்காரர்களில் ஒருவன் முதலாளியைப் பார்த்தான். அவர் தடுக்கவில்லை. அண்ணனும் எழுந்திருக்கவில்லை.

"வரட்டும்மா. கரண்டு வரட்டும்" என்றார்.

நாற்பது நிமிடம் ஆனது. அவர் வெயிலில், நான் அவருக்குப் பக்கத்தில். நிழலுக்குப் போக எனக்கும் முடியவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியதும் மூங்கிலில் கட்டிய பாட்டிலோடு படிக்கட்டு மூலைக்கு ஓடினேன். குழாய் வாயிலிருந்து பசேல் என்று ஒரு புகைச்சல் தண்ணீருக்குள் விரிந்து வந்தது. நெடி தொண்டையைப் பிடித்தது. இருமிக்கொண்டே பாட்டிலை எடுத்து, இரண்டு சொட்டு சோதனை மருந்து விட்டேன். மஞ்சளைத் தாண்டி, ஆரஞ்சைத் தாண்டி, செங்கல் நிறத்துக்குப் போனது. எதிர்ப்பக்கத்துத் தண்ணீரையும் எடுத்து விட்டேன். இளமஞ்சள். இரண்டு பாட்டிலையும் கொண்டுபோய் முதலாளிக்கு முன்னால் டீப்பாயில் வைத்தேன். புத்தகத்தின் நாலாம் பக்கத்தையும் திறந்து வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி முட்டாள் இல்லை. மோட்டார், லைன், பேஸ் எல்லாம் தெரிந்தவர். பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. மருமகனைப் பார்த்தார். மருமகன் புத்தகத்தைப் பார்த்தார்.

"அப்ப மிஷின் கோளாறு" என்றார் முதலாளி.

"மிஷின் நல்லாதான் இருக்கு சார். மாட்டினதுலதான் கோளாறு. நான் எழுதினதும் தப்பு."

"சரி சரி. எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டா மாத்திடுவான். கெமிஸ்டுக்கு இதுக்கு மேல என்ன வேலை? நீ கெளம்பு." லாரிக்காரர்களைப் பார்த்து, "அவனப் போகச் சொல்லுங்கடா" என்றார்.

அவ்வளவுதான். ஜல்லியில் அரை நாள் காய்ந்தவரைப் பார்த்து ஒரு சொல் வரவில்லை. 'உன்மேல தப்பில்லை' என்று அவரிடம் சொல்லக்கூட வேண்டாம், அவர் பக்கம் முகத்தைத் திருப்பவாவது செய்திருக்கலாம்.

"அவர்கிட்ட நீங்க சொல்லணும் சார்" என்றேன்.

"என்ன சொல்லணும்?"

"அவர் கொட்டலன்னு. மொதல் தடவையே அவர் சரியா சொல்லியிருக்கார். நான்தான் கேக்கல. நீங்களாவது இப்ப சொல்லுங்க."

முதலாளியின் மனைவி உள்ளேயிருந்து, "ஏம்மா, கொழந்தை படுத்திருக்கு, சத்தம் போடாதே" என்றார். அப்போதுதான் நான் கத்திக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். மருமகன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காரில் ஏற மாட்டேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தேன். அந்த அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வெறுங்காலோடு தார் ரோட்டின் ஓரத்து மண்ணில் நடந்தார். பஸ் நிற்கிற புளியமரத்தடியில் போய்ச் சேர்ந்தேன்.

"அண்ணா, என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவசரப்படவில்லை.

"மொத தபா நான் உங்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"எழுதிக்கினியா?"

"இல்ல."

"நான் சொன்னத எழுதிக்கல. நான் செய்யாதத எழுதிக்கின." அவர் குரலை உயர்த்தவில்லை. "காலைல லாரி வந்து எறங்குது. எம்பொண்ணு, மருமவப்புள்ள, தெருவு மொத்தமும் பாக்குது, திருடன இட்டுக்கினு போற மாதிரி இட்டாந்தானுங்க. இப்ப நான் போயி இன்னான்னு சொல்றது? பிளக்க மாத்திச் சொருவிட்டாங்கன்னு சொல்றதா? யாருக்குப் புரியும்?"

"நான் வந்து சொல்றேன் உங்க ஊர்ல."

"வேணாம். நீ வந்தா இன்னும் பேசுவானுங்க." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அந்தப் புள்ள கண்ணு சரியாயிட்சா?" என்று கேட்டார்.

"சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். புத்தூர் பஸ் அது. நான் எதிர்ப்பக்கம் போக வேண்டியவள்.

மறுநாள் ஃபேக்டரியில் புது ரிப்போர்ட் எழுதினேன். முதல் ரிப்போர்ட்டில் நான் எழுதிய வரிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதினேன். பம்பைப் பொருத்திய விதம்தான் காரணம் என்று எழுதினேன். குளத்தைப் பார்த்துக்கொண்டவர் இதை முன்பே சொன்னார் என்றும் எழுதினேன். மேனேஜர் அன்று மாலையே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "மிஷின் கம்பெனி தப்புன்னு போட்டுடும்மா. மாப்பிள்ளை பேர் கெடும். அந்த ஆள் சொன்னான்ங்கிற வரி எதுக்கு, அதையும் எடுத்துடு" என்றார். நான் எடுக்கவில்லை. அவர் ஃபைலில் அதை வைத்தாரா, கிழித்துப் போட்டாரா, தெரியாது. எலெக்ட்ரீஷியன் வந்து, மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து போகிற கம்பியில் பம்பை இணைத்தானாம், பதினைந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு மிஷின் அருமையாக ஓடியது, மாப்பிள்ளை கொண்டுவந்த மிஷினைப் போல உண்டா என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள் என்று டிரைவர் சொன்னார். அந்த ஆளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ரேணிகுண்டாவில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை தூக்குகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாம்பழ சீசன் முடிந்ததும், லேபுக்கு இனி ஆள் தேவையில்லை என்று எனக்குச் சொன்னார்கள்.

அன்று மாலை வீட்டில் சாப்பிடும்போது நைனாவிடம், அதாவது அப்பாவிடம், முழுக் கதையையும் சொன்னேன். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குரல் உயர்த்திப் பேசியறியாதவர். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நமக்கு இன்னாத்துக்கு அவங்க சண்டை?" என்றார் கடைசியில். "படிச்ச பொண்ணு. நாற்காலில ஒக்காந்து செய்யற வேலை. அந்தக் காலனி ஆளுக்காவ பேசி வேலைய விட்டுட்டு வந்து நிக்கற."

எங்கள் சபை பழைய சபை. என் தாத்தாவின் தகப்பனார் எந்தத் தெருவிலிருந்து வந்து ஞானஸ்நானம் வாங்கினார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சபைப் பதிவேட்டில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், பேச மாட்டோம். நானும் அதுவரை பேசியதில்லை.

"நம்மளும் அந்தத் தெருவுதானே நைனா?" என்றேன்.

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். நைனா சோற்றைப் பாதியில் விட்டார். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பைபிளை எடுத்துக்கொண்டு, ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் என் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன்.